இரண்டேகால் கிலோ வன்மம்

1

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஊரிலிருந்து வந்த மாதக் காலண்டர் ஒன்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு தேதியைச் சுற்றி என் மனைவி வசந்தா சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறாள். அப்பாவின் திவசம். வட்டத்தைப் பார்த்தால் அடக்கமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வது மகனின் கடமை. ஆனால் துப்பாக்கிகளோடு புழங்குகிறவனுக்கு வட்டம் என்றால் குறி. இந்த ஒரு வருடமாக அந்தக் குறியின் நடுவில் எனக்குத் தெரிவது மணிமாறனின் முகம்.

மணிமாறன் எங்கள் மேனேஜர். கோயம்புத்தூர்க்காரர். என்னைவிட எட்டு வயது இளையவர். நேரில் அவர்; இந்தக் கட்டுரையில் அவன். தூரத்தில் இருந்து எழுதுவதில் இப்படிச் சில வசதிகள் உண்டு.

என் வேலையை ஊரில் யாருக்கும் சரியாக விளக்க முடிந்ததில்லை. கல்யாண வீடுகளில் "துப்பாக்கி கம்பெனி" என்றால் பக்கத்து இலைக்காரர் சற்றுத் தள்ளி உட்காருகிறார். ஷார்ஜா தொழில்பேட்டையில், காருக்குப் பெயின்ட் அடிக்கும் கராஜுக்கும் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறைக்கும் நடுவில், முறையான லைசென்ஸோடு எங்கள் கம்பெனி இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து பாகம் பாகமாக வரும் வேட்டைத் துப்பாக்கிகளை, வாங்குகிறவரின் தோளுக்கும் கைக்கும் ஏற்றபடி நான் பொருத்திக் கொடுக்கிறேன். இங்கே வேட்டைக்குத் தடை. ஆகவே இவர்கள் எங்கெங்கோ பனிமலைகளுக்குப் பறந்துபோய் காட்டு ஆடுகளைச் சுடுகிறார்கள்.

நானோ திருநெல்வேலிச் சைவம். கேக்கில் முட்டை உண்டா என்று பேக்கரிக்காரனை விசாரிக்காமல் வாயில் வைத்ததில்லை. என் கையால் கோத்த துப்பாக்கிகள் எத்தனை ஆடுகளைச் சாய்த்திருக்கின்றன என்று கேட்காதீர்கள். அந்தக் கணக்கு மேலே யாரிடமாவது இருக்கும்.

2

போன வருடம் அப்பாவுக்குத் தலைத்திவசம். நான் ஒரே மகன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது; வசந்தா ஊருக்கு வாங்கிய பால் பவுடரும் தைலமும் பெட்டிக்குள் போய்விட்டன. அந்த வாரம்தான் அர்பாபின் தம்பி மலையிலிருந்து திரும்பி வந்தார். அர்பாப் என்றால் முதலாளி. எங்கள் விசாவெல்லாம் அவருடைய கம்பெனி பெயரில்தான் ஓடுகிறது. தம்பி சுட்ட மூன்று குண்டும் ஆட்டின்மேல் படவில்லை. அந்த ஆடு இப்போதும் எங்கோ பேரன் பேத்திகளோடு சௌக்கியமாக இருக்கும்.

அர்பாபின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருக்க, மணிமாறன் சுத்தமான இந்தியில் சொன்னான்: துப்பாக்கி நல்ல துப்பாக்கி, குழல் இரும்பைப் பிடிக்கட்டையில் உட்கார வைத்த வேலைதான் சரியில்லை, அது இவர் பார்த்த வேலை. பிறகு என் பக்கம் திரும்பி, தேன் தடவின கொங்குத் தமிழில் சொன்னான்:

"தப்பா எடுத்துக்காதீங்க சார். யாராச்சும் ஒருத்தர் தலையில விழோணுமில்லீங்க."

விழுந்தது. ஸ்டாக்கில் இருக்கும் துப்பாக்கிகளை எல்லாம் மறுபடி பரிசோதித்து முடிக்கும் வரை எனக்கு லீவு இல்லை என்றானது. திவசம் என்று அவனிடம் தனியாகப் போய்ச் சொன்னேன்.

"வீடியோ கால்ல பண்ணிக்கலாமுங்க சார். இப்பெல்லாம் ஐயருங்களே அதுல பழகிட்டாங்க."

பண்ணிக்கொண்டேன். பட்டறையின் மாடிப்படியில் நின்று, கையில் போன். ஊரில் என் சித்தப்பா மகன் விரலில் தர்ப்பையோடு என் இடத்தில் உட்கார்ந்திருந்தான். போனைச் செம்பின்மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். எள்ளும் தண்ணீரும் விடும் நேரத்தில் படம் உறைந்துவிட்டது. அவன் கை அந்தரத்தில், தண்ணீர் பாதி வழியில். பக்கத்துக் கராஜில் யாரோ ஹாரனைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். படம் மறுபடி அசைந்தபோது எல்லோரும் எழுந்து சாப்பிடப் போயிருந்தார்கள். திரையில் ஒரு காக்காய் மட்டும் இருந்தது.

தம்பியின் துப்பாக்கியை மறுநாள் சுடுதளத்தில், ஆடாத சட்டத்தில் இறுக்கி வைத்துச் சோதித்தேன். நூறு மீட்டரில் மூன்று குண்டு. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு: துளைகளின்மேல் ஒரு திர்ஹம் நாணயத்தை வைத்துப் பார்ப்போம், நாணயம் மூன்றையும் மறைத்துவிட்டால் துப்பாக்கி பாஸ். மறைத்தது. மணிமாறனிடம் சொன்னேன்.

"அப்படீங்களா, ரொம்பச் சந்தோசமுங்க" என்றான். "இதைப் போய் அர்பாப்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்க வேண்டாமுங்க சார்."

சொல்லவில்லை. மகள் யாழினிக்கு அப்போது பதினொன்றாம் வகுப்பு. என் விசாவில் கம்பெனியின் கை. மனைவி, மகள் விசாவில் என் கை. ஒரு கை நழுவினால் வரிசையாக எல்லோரும் விமானத்தில் ஏற வேண்டியதுதான், அவள் பரீட்சைக்கு முன்பாகவே. ஆகவே வாயை மூடிக்கொண்டு வன்மத்தை வளர்த்தேன். சபதம் போட்ட காவிய நாயகிகள் கூந்தலை முடியாமல் விரித்துவிட்டுக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தலையில் முடிவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

யாழினி மட்டும் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, யூ ஆர் ஹோல்டிங் எ க்ரட்ஜ். இட்ஸ் நாட் ஹெல்தி."

"அதைத் தமிழ்ல சொல்லு."

கொஞ்சம் யோசித்தாள். "தமிழ்ல அது ஹெல்தியாப்பா?"

3

பழி வாங்கிய கதைக்கு முன்னால் கொஞ்சம் துப்பாக்கி சாஸ்திரம் தேவைப்படுகிறது. பயப்பட வேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன்.

மலை ஏறுகிற வேட்டைக்காரருக்கு எடைதான் எதிரி. சாதாரணத் துப்பாக்கி நாலு கிலோவுக்குப் பக்கம். காசுள்ளவர்கள் அதைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுகிறார்கள். பிடிக்கட்டையை மரத்துக்குப் பதில் கார்பன் நாரில் செய்வது, இரும்புப் பாகங்கள் சிலவற்றை டைட்டானியத்தில் செய்வது, குழலைக் கடைந்து கடைந்து பென்சில் போல ஆக்குவது. இதில் துல்லியம் போய்விடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போகாது. ஒழுங்காகச் செய்த லேசான துப்பாக்கியின் முதல் குண்டு, கனத்த துப்பாக்கியின் முதல் குண்டு போலவே நேராகப் போகும். குழல் மெல்லியது என்பதால் சீக்கிரம் சூடேறும். நாலாவது ஐந்தாவது குண்டு மனம் போன போக்கில் போகலாம். ஆனால் ஐந்தாவது குண்டு வரை ஆடு நின்று கேட்டுக்கொண்டிருக்காது. ஆக, ஆறின குழலிலிருந்து போகும் அந்த முதல் குண்டுதான் வேட்டை.

சிக்கல் துப்பாக்கியில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறவரிடத்தில். அதே தோட்டா, பாதி எடை என்றால் தோளில் விழுகிற உதை ஏறக்குறைய இரட்டிப்பு. கனத்த துப்பாக்கி பெரிய மனுஷன் மாதிரி. நம் மூச்சு, நாடித் துடிப்பு, பயம் எல்லாவற்றையும் தன் எடைக்குள் வாங்கி அமுக்கிவிடும். லேசான துப்பாக்கி எதையும் மறைக்காது. விசையை இழுக்கிற கணத்தில், வரப்போகிற உதையை நினைத்து உடம்பு தானாக ஒரு சின்னத் துள்ளல் துள்ளும், கண் மூடும், குழல் முனை தாழும். அந்த ஒரு நூல் தாழ்வு, முன்னூறு மீட்டர் போவதற்குள் ஒரு முழமாகிவிடும். இது துள்ளுகிறவருக்குத் தெரியாது. வெடிச் சத்தமும் உதையும் சேர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அவர் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: துப்பாக்கி சரியில்லை.

அர்பாபின் தம்பி அப்படித்தான் சொன்னார். மணிமாறன் அதற்கு என் பெயரை எடுத்துக் கொடுத்தான்.

4

இந்த வருடம் அர்பாபே மலைக்குக் கிளம்புகிறார் என்று பேச்சு வந்தது. கூடப் போகப்போவது மணிமாறன். போன சீசனில் துப்பாக்கிகள் வைத்த கண்ணாடி அலமாரிக்கு முன் நின்று, வாங்க வருகிறவர்களிடம் வேட்டையைப் பற்றி அவ்வளவு பேசியதற்கு இந்த மரியாதை. சுட்ட அனுபவம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. விற்பவன் வாயில் எல்லாத் துப்பாக்கியும் நேராகத்தான் சுடும்.

ஒரு நாள் பட்டறைக்குள் வந்து என் மேஜையில் சாய்ந்துகொண்டான்.

"எனக்கும் ஒண்ணு பண்ணிக் கொடுங்க சார். எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைங்க. மலையில நம்மளால தூக்கிட்டு நடக்க முடியாதுங்க."

"ரொம்பக் குறைச்சா உதை ஜாஸ்தி ஆகும். யோசிச்சுக்குங்க."

"அதெல்லாம் நமக்குப் பழக்கமுங்க சார்."

இதை எழுதும்போதும் என் கை குளிர்கிறது, சந்தோஷத்தில். ஒரு வருடமாக இரவும் பகலும் நான் தேடிக்கொண்டிருந்த கழுத்து, தானாக நடந்துவந்து மேஜையில் படுத்துக்கொண்டு, எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று கேட்கிறது.

முதலில் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுவதுதான். இரும்பைக் கட்டையோடு பிணைக்கிற இரண்டு திருகுகளில் ஒன்றைக் கால் சுற்று தளர்த்தி விட்டால் போதும். ஆபத்து ஒன்றும் வராது; குண்டு மட்டும் அவன் நினைத்த இடத்துக்குப் போகாது. திருப்புளியைக் கையில் எடுத்தும் விட்டேன். எடுத்த பிறகு கீழே வைத்தேன். தர்மம் குறுக்கே வந்தது என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. திருகு தளர்ந்திருந்தால் போன வருடம் அவன் சொன்ன பொய் இந்த வருடம் நிஜமாகிவிடும். துப்பாக்கி சரியில்லை என்று அவன் சொன்னால், அவன் சொல்வது உண்மையாகவே இருக்கும். என் கையாலேயே அவனுக்கு ஒரு சாக்குச் செய்து கொடுப்பதா?

ஆகவே என் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்த துப்பாக்கியை மணிமாறனுக்காகச் செய்தேன். பிடிக்காத சம்பந்தியின் இலையில் கூடுதலாக நெய் ஊற்றுகிற அக்கறையோடு செய்தேன். இரும்பு கட்டையில் உட்காரும் இடத்தை ரெசின் பசை பூசி, மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் ஆக்கினேன். திருகுகளைச் சொன்ன அளவுக்கு, அளவுக் கருவி வைத்து முறுக்கினேன். தராசில் வைத்தபோது, குறி பார்க்கும் கண்ணாடி இல்லாமல் இரண்டேகால் கிலோ. சோதனையில், ஆறின குழலிலிருந்து மூன்று குண்டு. நாணயத்தை வைத்தேன். நாணயத்தில் இடம் மிச்சம் இருந்தது.

இனி உலகத்தில் அந்தத் துப்பாக்கியின்மேல் சொல்வதற்கு ஒரு குறை இல்லை. மிச்சம் இருப்பது மணிமாறன் மட்டும்.

"என்ன, ரெண்டு நாளா சிரிச்சிக்கிட்டே சாப்பிடுதீய?" என்றாள் வசந்தா.

"வேலை நல்லா வந்திருக்கு."

"யாருக்கு?"

சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த ஆளுக்கா? நீங்க எதுக்குச் சிரிக்கீயன்னு எனக்குப் புரியலை. ஆனா பயமா இருக்கு. புள்ளைக்குப் பரீட்சை இருக்குங்கறதை மட்டும் மறந்துராதீய."

5

புறப்படுவதற்கு முன் துப்பாக்கிகளைச் சரிபார்க்கப் பாலைவனத்தில் இருக்கும் சுடுதளத்துக்குப் போனோம். வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை. அர்பாப், மணிமாறன், நான், சுடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெஷாவர்க்காரர் கான் பாய். அர்பாப் வெள்ளைக் கந்தூரா அங்கியை மடித்துக்கொண்டு முதலில் உட்கார்ந்தார். மணிமாறனின் புதுத் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்து, இது பொம்மையா என்று கேட்டார். மூன்று சுட்டார். கான் பாய் தாளை எடுத்து வந்தார். நாணயம் மூடியது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. நல்ல தோட்டாக்களுக்கு இடையில் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைச் சுடுகிறவருக்குத் தெரியாமல் கலந்து வைப்பது. விசையை இழுத்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். வெடியும் உதையும் இல்லாததால், சுடுகிறவரின் உடம்பு அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்பது ஊருக்கே தெரியும். நான் முதன்முதலில் அந்தச் சோதனைக்கு உட்கார்ந்தபோது, பெண் பார்க்கும் படலத்தில் பல்லி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியோடு பின்னால் நகர்ந்திருந்தேன். நான் சுடுகிறவன் இல்லை என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. மணிமாறனுக்கு அந்த ஞானம் இன்னும் கிட்டவில்லை.

"அர்பாப், மலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பார்த்திடலாமா?" என்று இந்தியில் கேட்டேன். அர்பாபுக்கு விளையாட்டு என்றால் பிடிக்கும். எனக்கு முதலில் வை என்றார். வைத்தேன். இரண்டு வெடி, மூன்றாவது 'டிக்'. குழல் சுவரில் அறைந்த ஆணி மாதிரி அப்படியே நின்றது. அர்பாப் மீசைக்குள் சிரித்துவிட்டு எழுந்து, மணிமாறனைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார்.

"நமக்கு எதுக்குங்க சார் இதெல்லாம்" என்று என் காதருகே சொன்னான்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிங்க" என்றேன். அந்த 'ங்க' அவனிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

குழல் நன்றாக ஆறும் வரை காத்திருந்து ஐந்து தோட்டா போட்டேன். முதல் குண்டு வெடித்தது. உதையில் அவன் தோள் பின்னால் போனது. குண்டு தாளின் கீழ் மூலையில் பட்டது. "காத்துங்க" என்றான். ஒரு இலை அசையவில்லை. அசைவதற்கு இலையும் இல்லை. இரண்டாவதற்குக் குனிந்தான். ரொம்ப நேரம் குறி பார்த்தான். விசையை இழுத்தான்.

டிக்.

சத்தம் அவ்வளவுதான். ஆனால் மணிமாறன் துள்ளினான். தோள் முன்னால் பாய்ந்து, முகம் சுருங்கி, கண் இரண்டும் இறுக மூடி, இரண்டேகால் கிலோவும் தலைகுனிந்து மணலைப் பார்த்தது. கான் பாய் திரும்பிக்கொண்டு மேகமே இல்லாத வானத்தை ஆராய்ந்தார். மணிமாறன் கண்ணைத் திறந்தபோது முதலில் பார்த்தது என்னை. நான் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அர்பாப் எங்கள் எல்லோருக்கும் பொதுவான அந்தக் கலவை மொழியில் தீர்ப்புச் சொன்னார்:

"பந்தூக் அச்சா. நஃபர் மாஃபி அச்சா."

துப்பாக்கி நல்லது, ஆள் நல்லதில்லை. இதைவிடச் சுருக்கமாக எந்த நீதிபதியும் எழுதியதில்லை. சொல்லிவிட்டு அர்பாப் சற்று யோசித்தார். அவருக்கு ஏதோ ஞாபகம் வந்தது.

"போன வருஷம் தம்பியோட பந்தூக்?"

ஒரு வருடம் காத்திருந்த குழல், நன்றாக ஆறியிருந்தது.

"அதுவும் அச்சா, அர்பாப்" என்றேன்.

அர்பாப் மணிமாறனைப் பார்த்தார். திட்டவில்லை. ஈச்சம்பழத்தில் புழுவைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். எனக்கு உச்சந்தலை வரை இனித்தது. மன்னிப்பதில்தான் மன நிம்மதி என்று எழுதியவர்கள் யாரும் இந்தக் காலையில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றதில்லை என்பது மட்டும் உறுதி.

6

லேசான துப்பாக்கியின் உதை சுடுகிறவருக்கு என்று மேலே எழுதியிருந்தேன். எழுதியவனுக்கு அது உறைக்கவில்லை.

திரும்பும்போது வண்டி அருகில் அர்பாப் என் தோளில் கை வைத்தார். "தும் சலோ. மலைக்கு நீ வா. மணி வேண்டாம்." கூடவே கிளம்பும் நாளைச் சொன்னார். போய்ச் சேர்ந்து, மலை ஏறி, முகாம் போடும் நாளையும் சொன்னார். அது சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் நாள். இந்த வருடத்துக்கான என் லீவு முன்பே கையெழுத்தாகி, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அர்பாப் தரும் கௌரவத்தை வேண்டாம் என்று சொல்ல அரபியில் நாகரிகமான வார்த்தைகள் இருக்கத்தான் செய்யும். எனக்குத் தெரிந்த அரபியில் மறுப்பதற்கு, இல்லை என்று பொருள்படும் 'மாஃபி' மட்டுமே இருக்கிறது. அதை அர்பாபிடம் சொன்னால் அப்புறம் எல்லாமே மாஃபி.

"ஷுக்ரன், அர்பாப்" என்று நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் கதவின் முன் நின்றேன். வசந்தா முகத்தைப் பார்த்ததும் கேட்டாள்.

"என்னைக்காம்?"

வட்டத்தைக் காட்டினேன்.

"அப்பாவுக்குத் திவசம்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"மேனேஜரை ஒதுக்கிட்டு என்னைக் கூப்பிடுதாரு. இப்போ போய் முடியாதுன்னா நல்லாவா இருக்கும்? புள்ளைக்கும் பரீட்சை…"

"அப்போ திவசம்?"

அடுத்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது நாக்கின் நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது.

"வீடியோ கால்ல பண்ணிக்கலாம்."

சோபாவில் கிடந்த யாழினி இயர்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து கழற்றிவிட்டு, "வெயிட், மலையில சிக்னல் இருக்குமா?" என்று கேட்டாள். படிக்கிற பிள்ளை.

வசந்தா ஒரு பொட்டலத்தில் எள் மடித்து என் பையில் வைத்திருக்கிறாள். "அங்க ஓடுற தண்ணி ஏதாவது இருந்தா, ரெண்டு எள்ளைப் போட்டுட்டு அப்பாவை நினைச்சுக்கிடுங்க." துப்பாக்கிகளைக் கொண்டு போக இங்கே ஓர் அனுமதி, அங்கே ஓர் அனுமதி, நடுவில் இறங்கும் ஊரில் ஓர் அனுமதி, எல்லாம் முத்திரையோடு வந்துவிட்டன. எள்ளைக் கொண்டு போகலாமா என்று விமானக் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டேன். அந்தப் பெண் என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு யாரையோ கேட்டு வந்தாள். விதையா, உணவா என்றாள். இரண்டும் இல்லை என்றேன். அப்படியானால் அதற்கு விதி இல்லை சார் என்றாள்.

நேற்று மணிமாறன் பட்டறைக்கு வந்தான். என் லீவை ரத்து செய்த தாளில் அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு, போகாமல் நின்றான். தோளில் உதை பட்ட இடம் இன்னும் வலிக்கிறது போல, கையை ஒட்டியே வைத்திருந்தான்.

"மலைக்குப் போகலையின்னு ஆனதால நான் ஊருக்கு லீவு போட்டுட்டேனுங்க சார். உங்க அப்பாருக்குத் திவசமுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு ராத்திரி பஸ்ஸுதானுங்களே. நான் வேணா திருநெல்வேலி போய், கூடமாட நின்னு பாத்துட்டு வரட்டுங்களா?"

குத்தலாகக் கேட்கிறானா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். ரொம்ப நேரம் குறி பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். முகத்தில் ஒன்றும் இல்லை. அன்பாகத்தான் கேட்டான். போன வருடம் செய்ததைக்கூட என்னால் இன்னொரு வருடம் சுமந்திருக்க முடியும். இதை மட்டும் அவனால் எப்படிச் செய்ய முடிந்தது என்றுதான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

"வேண்டாங்க, சித்தப்பா பையன் இருக்கான்" என்றேன்.

"சரிங்க சார். நல்லபடியாப் போயிட்டு வாங்க." வாசல் வரை போனவன் திரும்பினான். "அந்த ரைஃபிள்… நமக்குன்னு பண்ணது. திரும்பி வந்ததும் ஒரு நாள் எனக்குச் சொல்லிக் கொடுங்க சார். பழகிக்கிறேன்."

தலையாட்டினேன். அவன் போன பிறகு அந்தத் துப்பாக்கியை எடுத்து மறுபடி தராசில் வைத்துப் பார்த்தேன். கட்டையின் உட்புறத்தில் இன்னும் கொஞ்சம் கடைய இடம் இருக்கிறது. மலையிலிருந்து திரும்பி வந்ததும் இன்னொரு நூற்றைம்பது கிராம் குறைக்கலாம்.